மென்மை என்பது எத்தனை மில்லிமீட்டர்?

"நீங்க சொன்ன மாதிரி சாஃப்ட் பிரஷ்தான் டாக்டர் வாங்கினேன்" என்றார் அந்த அம்மா. மேல்வரிசையில் இடது கோரைப்பல்லிலும் அதை அடுத்த முன்கடைவாய்ப் பல்லிலும் ஈறு இறங்கியிருந்தது. காற்று பட்டாலே கூச்சம். அடுத்த முறை வரும்போது பிரஷ்ஷையும் கொண்டுவரச் சொன்னேன். பழையதோடு, மாற்றுவதற்காக வாங்கி வைத்திருந்த அதே வகைப் புதிய பிரஷ்ஷையும் எடுத்து வந்தார். இரண்டு அட்டையிலும் 'சாஃப்ட்' என்றுதான் அச்சிட்டிருந்தது. புதியதை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன். சில இழைகளின் முனை குண்டூசித் தலைபோல் உருண்டிருந்தது. மற்றவை கரும்பைச் சாய்த்து வெட்டியதுபோல் ஒரு பக்கம் கூராக நின்றன.

அவருடைய ஈறு இறங்கியதற்கு அந்த முனைகள்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஈற்றின் தடிமன், வரிசையை விட்டு வெளியே தள்ளிய பல், அழுத்தித் தேய்க்கும் கை என்று காரணங்கள் பல உண்டு. எனக்கு உறைத்தது வேறு. மருந்துக்கு அளவும் வேளையும் எழுதும் நான், தினம் இரண்டு முறை ஈற்றைத் தொடப்போகும் கருவிக்கு 'சாஃப்ட் பிரஷ்' என்று இரண்டே சொல்லோடு முடித்துவிட்டேன். அந்த அம்மா என் பேச்சைத் தட்டவில்லை. என் பேச்சில்தான் போதிய விவரம் இல்லை.

மென்மையை அளந்து சொல்ல முடியும். பிரஷ் இழை என்பது ஒரு முனை பதிந்து, மறுமுனை வளையும் கம்பி. அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். நீளத்தின் மூன்றாம் அடுக்கில் இறங்கும். நம் பாடநூல்கள் மென்மையானதற்கு 0.2 மி.மீ., நடுத்தரத்துக்கு 0.3, கடினமானதற்கு 0.4 என்று சொல்கின்றன. பார்வைக்கு மயிரிழை வித்தியாசம்தான். ஆனால் நீளம் மாறாமல் 0.2 என்பது 0.3 ஆனால் விறைப்பு ஐந்து மடங்காகிறது, 0.4 ஆனால் பதினாறு மடங்கு. அதே 0.2 இழையை 12 மி.மீட்டரிலிருந்து 10 மி.மீட்டராகக் குறைத்து வெட்டினால் விறைப்பு ஏறக்குறைய 1.7 மடங்காகிவிடும். கொத்துகளை நெருக்கி நட்டால் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து இன்னும் விறைக்கும். நைலான் ஈரம் குடித்தால் இளகும். நைலான் 612, நைலான் 66-ஐ விடக் குறைவாகக் குடிப்பதால் வாய்க்குள்ளும் தன் விறைப்பை அதிகம் இழப்பதில்லை. இத்தனையும் சேர்ந்ததுதான் 'சாஃப்ட்' என்ற அந்த ஒரு சொல்.

இதை முதலில் அளவோடு சொன்னவர்களில் ஒருவர் நியூ ஆர்லியன்ஸின் சார்லஸ் பாஸ். அவருக்கு முன்பு நெடுங்காலம் பன்றி மயிர்தான் இழையாக இருந்தது. 1938-இல் அமெரிக்காவில் நைலான் இழை பிரஷ் விற்பனைக்கு வந்தது. தொடக்கத்து நைலான் ஈற்றுக்கு முரடாக இருந்தது. பாஸ் 1948-இல் இழையின் விட்டம் 0.007 அங்குலம், அதாவது சுமார் 0.18 மி.மீ. இருக்க வேண்டும், முனை உருண்டையாக இருக்க வேண்டும் என்று எழுதினார். 45 பாகையில் ஈற்று விளிம்பில் வைக்கும் அவருடைய முறையை நாம் தினமும் சொல்லித் தருகிறோம். அந்த முறை எந்த இழைக்காகச் சொல்லப்பட்டதோ அந்த இழையை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். ஈற்று இடுக்குக்குள் முனை நுழையும்படி வைக்கச் சொல்லிவிட்டு, அந்த முனை எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் இருப்பது நியாயமில்லை.

மெல்லிய இழை என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. ஹரால்ட் லோவும் குழுவினரும் 1965-இல் வெளியிட்ட ஆய்வு நினைவிருக்கும்: பல் துலக்குவதை நிறுத்தியவர்களுக்கு மூன்று வாரத்துக்குள் ஈற்றில் அழற்சி வந்தது; மறுபடி துலக்கியதும் ஆறியது. பல்லில் படியும் படலத்தைப் போக்காத மென்மையால் பயன் இல்லை. பற்பசை இல்லாமல் இழை மட்டும் டென்டைனைத் தேய்ப்பது மிகக் குறைவு. தேய்ப்பது பசையிலுள்ள துகள்தான். மெல்லிய இழை வளைந்து படுத்து, பசையை அதிகப் பரப்பில் இழுத்துச் செல்வதால், ஆய்வகச் சோதனையில் மென்மையான பிரஷ் டென்டைனைக் கூடுதலாகத் தேய்த்ததும் உண்டு. ஆகவே வேர் வெளியே தெரியும் நோயாளியிடம் பிரஷ்ஷை மட்டும் மாற்றச் சொன்னால் பாதி வேலைதான். என்ன பசை, என்ன பொடி என்று கேட்க வேண்டும். செங்கல் பொடியும் கரித்தூளும் இன்னும் நம் ஊர் முற்றங்களை விட்டுப் போய்விடவில்லை.

முனை கூம்பிய இழைகள் இப்போது பரவலாக விற்கின்றன. ஈற்று இடுக்கிலும் பல்லிடுக்கின் வாயிலிலும் நுழைய அவை ஏற்றவை. ஆனால் உருண்டை முனையைவிட எல்லோருக்கும் மேல் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆய்வு முடிவுகள் ஒரே பக்கம் சாயவில்லை. எந்த இழையானாலும் இரு பற்கள் ஒட்டும் இடத்தைச் சுத்தம் செய்யாது. அதற்கு நூலோ பல்லிடுக்கு பிரஷ்ஷோதான் வேண்டும்.

தொழில்சார் நண்பர்களிடம் மூன்று வேண்டுகோள். பிரஷ்ஷை மருந்துபோல எழுதுங்கள்: இழையின் தடிமன், தலையின் அளவு, யாருக்கு, எத்தனை நாளைக்கு. ஈறு அறுவை சிகிச்சை முடித்தவருக்கும் பற்காறை எடுத்துவிட்டுப் போகும் இளைஞருக்கும் ஒரே பிரஷ் பொருந்தாது. இரண்டாவது, மறுபரிசோதனைக்கு வருகிறவரைத் தன் பிரஷ்ஷோடு வரச் சொல்லுங்கள். வாங்கி மூன்று மாதம் ஆகும் முன்பே விரிந்து கிடக்கும் இழை, கை எவ்வளவு அழுத்துகிறது என்பதை நோயாளியின் வாய்மொழியைவிடத் தெளிவாகச் சொல்லும். மூன்றாவது, பிரஷ் விற்க நம் அறைக்கு வரும் பிரதிநிதியிடம் இழையின் விட்டத்தையும் முனை உருட்டிய விதத்தையும் கேளுங்கள்; அட்டையில் அச்சிடச் சொல்லுங்கள். கொத்தின் விறைப்பை அளக்கச் சர்வதேசத் தர முறையே இருக்கிறது. அந்த எண் வாங்குகிறவர் கண்ணில் படாமல் இருக்கக் காரணம் ஏதும் இல்லை.

அந்த அம்மாவுக்கு இந்த முறை வேறு பிரஷ்ஷை நானே உருப்பெருக்கியில் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அதே கண்ணாடி வழியாக இரண்டு முனைகளையும் அவருக்கும் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "இதைக் கடையில நான் எப்படி டாக்டர் கண்டுபிடிப்பேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அட்டைதான் பதில் சொல்ல வேண்டும். அட்டை சொல்லும் வரை நாம் சொல்ல வேண்டும்.