மண்ணுக்குள் இருக்கும் பொன் யாருக்குரியது?

நோர்வேயில் வைத்தியரின் ஆலோசனைப்படி உடலுக்கு வேலை கொடுக்க விரும்பிய ஒருவர், உலோகம் கண்டறியும் கருவியொன்றை வாங்கினார். 2023 ஆம் ஆண்டு தீவொன்றில் அவர் கண்டெடுத்தவை ஏறக்குறைய 1500 ஆண்டுகள் பழைமையான ஒன்பது பொற்பதக்கங்கள், பொன்மணிகள், மூன்று மோதிரங்கள் என்பனவாகும். அந்நாட்டில் 1537 ஆம் ஆண்டுக்கு முற்பட்ட பொருள்கள் அரசுக்கே உரியவை. ஆயினும் கண்டெடுத்தவருக்கும் காணி உரிமையாளருக்கும் சன்மானம் உண்டு.

இங்கிலாந்தின் 1996 ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் இவ்வழியிலேயே செல்கின்றது. 2009 இல் ஸ்டபர்ட்ஷயர் வயலில் கிடைத்த பொற்குவியலுக்கு 32 இலட்சத்து 85 ஆயிரம் பவுண் மதிப்பிடப்பட்டு, இருவருக்கும் சமமாகப் பகிரப்பட்டது. மாறாக, 2015 இல் ஹெர்பட்ஷயரில் மோதிரம், காப்பு, நாணயங்கள் ஆகியவற்றைக் கண்டெடுத்து மறைத்த இருவர் 2019 இல் சிறை சென்றனர். சொல்லியிருந்தால் பங்கு கிடைத்திருக்கும்!

எமது நாட்டிலோ அனுமதியின்றித் தொல்பொருள் தேடி அகழ்வது குற்றம். அது சரியே. ஆனால், இங்கு மண்ணுக்குள் சென்ற பொன் எல்லாமே மன்னர் காலத்தது அன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிடம் நகைகள் பறிக்கப்பட்டன. 2009 இல் வன்னி மக்கள் தாலிக்கொடிகளையும் இழந்தனர். யுத்தத்தின்பின் இராணுவம் மீட்ட நகைகளில் ஒரு தொகுதி 2025 மே மாதமே பொலிஸாரிடம் கையளிக்கப்பட்டது.

இங்கே கண்டெடுத்தவரும் காணிக்காரரும் மட்டுமல்லர், இழந்தவரும் உயிருடன் இருக்கின்றார். அடகுச் சீட்டையும் பதுங்குகுழியிலேயே விட்டு வந்தவர், தமது காப்பைத் தமதென்று நிரூபிக்க எதைக் காட்டுவார் என்பதற்கு அதிகாரிகளே வழி கூறவேண்டும்.