குட்டி யானையின் பசி

"வீட்டு வேலைக்காரர் பெட்ரோல் திருடுகிறாரா என்று கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா?" இப்படி ஒரு கேள்வியுடன் போன மாதம் ஒரு சகோதரி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். சமையல் குறிப்பு, தலைமுடி உதிர்வது, மாமியார் தொல்லை எல்லாவற்றுக்கும் பதில் எழுதிப் பழகியவள் நான். இது புதிது. விலாசம் ஒரகடம் பக்கம் என்று இருந்தது. புறப்பட்டுப் போய்விட்டேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் உள்ள சாலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரு பக்கமும் மோட்டார்க் கம்பெனிகள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது முதல் அந்தப் பிரதேசமே மாறிவிட்டது. வேலைக்கு வந்த பெண்கள் தங்குவதற்கு விடுதிகள் முளைத்தன. விடுதி என்றால் சாப்பாடு வேண்டாமா? நம் சகோதரி அதைத்தான் செய்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி, இட்டிலியும் சாம்பாரும் பாத்திரங்களில் நிரப்பி, பெட்ரோலில் ஓடும் சின்ன லாரி ஒன்றில் அனுப்புகிறார். அதுதான் எல்லோரும் "குட்டி யானை" என்கிறோமே, அந்த ரகம். 2021-ல் வாங்கியது.

நாளைக்கு அறுபது கிலோமீட்டர் ஓட்டம். முன்பெல்லாம் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுத்த வண்டி, இப்போது பன்னிரண்டுதான் கொடுக்கிறதாம். நாலு லிட்டர் ஆன இடத்தில் ஐந்து லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக் கொண்டாலும், மாதம் இருபத்தாறு நாளைக்கு 2,600 ரூபாய்! பருப்பு விலைக்கு நடுவே இது சாமானியமா? "டிரைவரை மாற்று" என்று வீட்டுக்காரர் சொல்லியாகிவிட்டது.

டிரைவர் சின்னப் பையன். பாத்திரம் இறக்கிக் கொண்டே மெதுவாக என்னிடம் சொன்னான்: "வாய் விட்டு ஒண்ணும் சொல்லலீங்கம்மா. ஆனா சாவியைத் தினமும் கேட்டு வாங்கி உள்ளே வெச்சுக்கறாங்க. அதுலயே தெரியுதில்ல?"

எனக்குச் சாம்பார் இறங்கவில்லை.

அவனுடைய அபிப்பிராயம் வேறு. "பெட்ரோல்ல சாராயம் கலக்கறாங்கம்மா. நூறு ஆக்டேன் போட்டா வண்டி பறக்கும்" என்றான். அவன் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதியை நம்பினால் கைப்பணம் போய்விடும்.

கலப்பது உண்மைதான். கரும்புப் பாகுக் கழிவு, மக்காச்சோளம், நொய்யரிசி இவற்றிலிருந்து காய்ச்சும் எத்தனால் அது. 2003-ல் சில மாநிலங்களில் நூற்றுக்கு ஐந்து பங்கு என்று ஆரம்பித்தார்கள். 2022-ல் பத்து ஆயிற்று, 2025-ல் இருபது. எத்தனாலில் பெட்ரோலைவிட உஷ்ண சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே வண்டிக்குக் கொஞ்சம் கூடப் பசிக்கும். எவ்வளவு கூட? அங்கேதான் நாம் பென்சிலை எடுக்க வேண்டும். இருபது பங்கு கலந்த எண்ணெயில், சுத்த பெட்ரோலைவிடச் சக்தி நூற்றுக்கு ஆறு, ஏழு குறையும். முன்பிருந்த பத்துப் பங்குக் கலவையோடு ஒப்பிட்டால் மூன்று, மூன்றரைதான். பதினைந்து கிலோமீட்டர் பதினாலரை ஆகலாம். பன்னிரண்டு ஆக நியாயமில்லை.

அப்படியானால் ஆக்டேன் என்பது என்ன? பெட்ரோல் ஆவியையும் காற்றையும் இஞ்சின் நெருக்கி அழுத்துகிறது. பொறி தட்டிய பிறகுதான் அது பற்ற வேண்டும். அவசரக்கார எண்ணெய் பொறியின் சுடர் வந்து எட்டுவதற்கு முன்பே சூட்டில் தானாகப் பற்றிக் கொண்டு "டக் டக்" என்று இடிக்கும். அப்படி இடிக்காமல் எவ்வளவு தாங்குகிறது என்பதற்குப் போடும் மார்க்குதான் ஆக்டேன். பொறுமைக்கு மார்க், பலத்துக்கு அல்ல. அதிக அழுத்தமுள்ள பெரிய இஞ்சினுக்கு அது தேவை. குட்டி யானைக்கு வீண். வேடிக்கை என்னவென்றால், எத்தனாலுக்கே பொறுமை ஜாஸ்தி. இருபது பங்கு கலந்த சாதாரண பெட்ரோலே 95 மார்க் வாங்குவதாக 2025-ல் பெட்ரோலிய அமைச்சகம் சொல்லியிருக்கிறது. நூறு ஆக்டேன் எண்ணெயின் விலையோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஐந்து லிட்டருக்கு 250 ரூபாய் கூடக் கொடுத்து, கலவையால் நஷ்டமாகும் பதினாலு ரூபாயை மிச்சம் பிடிப்பதா?

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் பாகங்கள் இந்தக் கலவைக்கு ஏற்றபடி செய்யப்பட்டவை. இவருடையது அதற்கு முந்தியது. பழைய வண்டிகளில் சில ரப்பர்ப் பாகங்களை 20,000, 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு மாற்ற வேண்டி வரலாம் என்று அதே அமைச்சகம் சொல்கிறது. கோவிலுக்கும் கடைக்கும் போகிற கார் என்றால் அதற்கு வருஷக் கணக்காகும். இந்தச் சாப்பாட்டு வண்டிக்குப் பதின்மூன்றே மாதம்! சர்வீஸுக்கு விடும்போது எண்ணெய்க் குழாய்களைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.

பிரேஸில் தேசத்தில் 2025 ஆகஸ்டு முதல் முப்பது பங்கே கலக்கிறார்கள். ஆனால் அங்கே எந்த விகிதத்தையும் ஏற்கும் கார்கள் 2003 முதலே விற்பனையில் உண்டு. அமெரிக்காவில் பல இடங்களில் பம்பிலேயே விகிதத்தை எழுதி ஒட்டியிருப்பார்கள். இங்கே பழைய வண்டிக்காரருக்குக் கலக்காத சாதாரண பெட்ரோலும் வேண்டும் என்று கேட்டவர்களின் மனுவை 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. கரும்பு விவசாயிக்குக் காசு கிடைக்கட்டும், சந்தோஷம்தான். ஆனாலும் நான் வாங்கும் பண்டத்தில் என்ன கலந்திருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பிஸ்கோத்துப் பொட்டலத்தில் எழுதுகிறார்களே!

எத்தனாலுக்குத் தண்ணீரை இழுக்கும் சுபாவம் உண்டு. லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஸ்கூட்டர் டாங்கியை அரைகுறையாக விட்டு மாதக் கணக்கில் மழைக்காற்றில் நிறுத்த வேண்டாம். மூடியின் ரப்பரையும் ஒரு தடவை பாருங்கள்.

சரி, மிச்சம் இரண்டரை கிலோமீட்டர் எங்கே போயிற்று? மோட்டார் வண்டிகளைச் சோதிப்பதற்கென்றே மத்திய சர்க்காரின் பெரிய நிலையம் ஒரகடத்திலேயே இருக்கிறது. நாங்கள் போனது தெருக்கோடி மெக்கானிக்கிடம். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். மூன்று சக்கரம் சுற்றின. பின்பக்கத்து இடது சக்கரம் மட்டும் நகர மறுத்தது. பிரேக் விடாமல் பிடித்துக் கொண்டே இருந்திருக்கிறது. டயர்களில் காற்றுக் கம்மி. காற்று வடிகட்டியைத் தட்டினால், ரோடு வேலை நடக்கும் ஒரகடத்துப் புழுதி அத்தனையும் அதில்!

பால் கணக்கு நோட்டு மாதிரி ஒரு நோட்டுப் போடச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரே பம்பில் டாங்கியை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, அடுத்த முறை நிரப்பும்போது வகுத்துப் பார்ப்பது. போன வாரம் டெலிபோன் செய்தார். பதினாலே கால் வருகிறதாம். நோட்டில் எழுதுவது டிரைவர்தானாம்.

"அவனிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டீர்களா?" என்றேன்.

"அதெல்லாம் எதுக்கும்மா? சாவியை வாசல் ஆணியிலேயே மாட்டிட்டேன். அன்னிக்கு ராத்திரி அவனுக்குப் பிடிச்ச மோர்க்குழம்பு வெச்சேன். ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்" என்றார்.