ஹெச்.பி. மட்டும் கேட்டால் போதுமா?



லேப்பில் சென்ட்ரிஃபியூகல் பம்ப் டெஸ்ட் செய்யாத மெக்கானிக்கல் மாணவன் உண்டா? வால்வைத் திருகுவோம், கேஜ் பார்ப்போம், ஸ்டாப் வாட்சை அமுக்குவோம். கர்வ் போட்டு ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்தது! (சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதியவர்கள் கோபிக்க வேண்டாம்.) ஆனால் ஒரு கிணற்றைக் காட்டி, "இதுக்கு எந்த பம்ப் போடலாம்?" என்று கேட்டால் முழிப்போம். நான் முழித்தேன்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். முதலாம் ஆண்டில் இருந்தபோது, தண்ணீர் பத்தவில்லை என்று அப்பா 5 ஹெச்.பி. மோட்டாரை எடுத்துவிட்டு 7.5 போட்டார். அதற்காக அம்மாவின் செயின் அடகுக்குப் போனது. கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை ஹெச்.பி. வேணும்?" எவ்வளவு உயரம், பைப் எத்தனை இஞ்ச், எவ்வளவு நீளம், எதுவும் கேட்கவில்லை. "பையன் டிப்ளமா படிக்கிறான், அவனையே கேளுங்க" என்று அப்பா பெருமையாகச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

மோட்டார் மாறியும் தண்ணீர் பெரிதாகக் கூடவில்லை. ஹைட்ராலிக்ஸ் படித்த பிறகு, போன லீவில் அளந்து பார்த்தேன். 200 லிட்டர் ட்ரம் 33 நொடியில் நிறைந்தது; அதாவது விநாடிக்கு 6 லிட்டர். தண்ணீர் மட்டத்திலிருந்து மேட்டுக்காடு வரை உயரம் 20 மீட்டர். பைப் 2 இஞ்ச், 100 மீட்டர் நீளம். உராய்வுக்கு மட்டும் சுமார் 19 மீட்டர் ஹெட் போகிறது! ஆக மொத்தம் 39. லிட்டரையும் மீட்டரையும் பெருக்கி 75-ஆல் வகுத்து, எஃபிஷியன்சி பாதி என்று வைத்தால் 6 ஹெச்.பி.க்கு மேல் வருகிறது.

அதே கணக்கை 2½ இஞ்ச் பைப்புக்குப் போட்டேன். உராய்வு மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. மொத்த ஹெட் 26 மீட்டர், தேவை 4 ஹெச்.பி.க்குச் சற்று மேல். பழைய 5 ஹெச்.பி. மோட்டாரே இதே தண்ணீரைத் தந்திருக்கும்! மாற்ற வேண்டியது பைப்பை, மோட்டாரை அல்ல. விவசாயக் கரண்டுக்கு பில் கிடையாது என்பதால் இந்த நஷ்டம் ஊரில் யாருக்கும் உறைப்பதில்லை. அடகு வட்டி எங்களுக்கு உறைக்கிறது.

பம்ப் கர்வ் போடக் கற்றுத் தருகிறார்கள், சரி. கிணறும் பைப்பும் சேர்ந்து கேட்கிற சிஸ்டம் கர்வையும் அதே கிராப் ஷீட்டில் போட்டால்தானே இரண்டும் வெட்டுகிற இடம் தெரியும்? அங்கேதான் அந்த பம்ப் ஓடும். ஒரு சனிக்கிழமை, ஒரு டேப், ஒரு ட்ரம், பக்கத்தில் ஏதாவது ஒரு கிணறு... இவ்வளவுதான் செலவு. இதை நம் சங்கம் துறைத்தலைவரிடம் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்பாவிடம் இந்தக் கணக்கை இன்னும் சொல்லவில்லை. 2½ இஞ்ச் பைப் விலை மட்டும் விசாரித்து வைத்திருக்கிறேன்.