அவசரப்பட்டுக் கடவுளைத் தேர்ந்தெடுக்காதீர்கள்!

புதிய ஆன்லைன் கேம் ஒன்றை இன்ஸ்டால் செய்து முடித்தவுடன் கை துறுதுறுக்கும். எப்போது உள்ளே போவோம், எப்போது வாளைத் தூக்குவோம் என்ற அவசரத்தில், முதலில் வரும் திரைகளில் எதையாவது கிளிக் செய்து நெக்ஸ்ட் பட்டனைத் தட்டிக்கொண்டே போவோம். சாப்ட்வேர் இன்ஸ்டால் செய்யும்போது ஒப்பந்தத்தைப் படிக்காமலேயே 'ஐ அக்ரி' கொடுக்கிறோம் அல்லவா, அதே பழக்கம்தான். எனக்கும் இது உண்டு. அதனால் நான்கு மாதம் சாக்கடையில் குடியிருந்தேன்!

ரோல் பிளேயிங் கேம் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு வரி விளக்கம். இதில் நாம் ஒரு கேரக்டரை உருவாக்கி, அந்த ஆளாகவே அந்த உலகில் வாழ வேண்டும். இனம், தொழில், தோற்றம், பெயர் எல்லாம் நம் விருப்பம். சில கேம்களில் இவற்றோடு இன்னொரு கேள்வியும் வரும். உங்கள் கடவுள் யார்?

இந்தக் கேள்வியை மிகவும் கண்டிப்பாகக் கேட்ட கேம் 1999ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான எவர்குவெஸ்ட். இதன் கடவுள்கள் எல்லாம் கற்பனையே. இயற்கைக்கு டுனாரே, நோய் தீர்க்க ரொட்செட் நைஃப், கொள்ளை நோய்க்கு பெர்டாக்சுலஸ், வெறுப்புக்கு இன்னோருக், அச்சத்துக்கு காஸிக்-தூல் என்று பட்டியல் நீளும். 2000ஆம் ஆண்டு வந்த பல்லி முகம் கொண்ட இக்சார் இனத்துக்குக் கடவுள் என்றால் காஸிக்-தூல்தான். நம் ஊர்க் கணக்கில் அது குலதெய்வம். மனித இனத்துக்கோ பலரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். அது இஷ்ட தெய்வம். கடவுளே வேண்டாம் என்றும் பல தொழில்காரர்கள் சொல்லலாம். ஆனால் கிளெரிக் எனப்படும் பூசாரிக்கு அந்த வசதி கிடையாது.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? கடவுளைத் தேர்ந்தெடுப்பதால் உங்கள் வலிமை ஒரு புள்ளிகூடக் கூடாது. ஆனால் அந்த உலகில் உள்ள ஒவ்வொரு கூட்டமும் உங்களுக்கு ஒரு மதிப்பெண் போட்டு வைத்திருக்கும். அந்த மதிப்பெண்ணில் உங்கள் கடவுளுக்கும் பங்கு உண்டு. மதிப்பெண் குறைந்தால் கடைக்காரர் பொருள் விற்க மாட்டார். மிகவும் குறைந்தால் பார்த்தவுடன் அடிக்க வருவார்கள். சில பொருட்களைக் குறிப்பிட்ட கடவுளை வணங்குபவர் மட்டுமே அணிய முடியும்.

என் கதை

எவர்குவெஸ்டைப் பழைய வடிவத்திலேயே தரும் புராஜக்ட் 1999 என்ற சர்வரை ரசிகர்கள் 2009 முதல் நடத்தி வருகிறார்கள். என் கல்லூரி நண்பன் வேலைக்காக வெளியூர் போன பிறகு, வாரம் இரண்டு இரவு அதில் சந்திப்பது என்று முடிவு செய்தோம். அவன் ரொட்செட் நைஃபை வணங்கும் பாலடின் வீரன். நான் அவனுக்கு மருத்துவம் பார்க்கும் கிளெரிக். இருவரும் மனிதர்கள். ஊர் கெய்னோஸ் நகரம்.

கடவுள் பட்டியல் வந்தபோது நான் ஒரு வரியும் படிக்கவில்லை. பெர்டாக்சுலஸ் என்ற பெயர் கம்பீரமாக இருந்தது. கிளிக் செய்துவிட்டேன்.

உள்ளே போனால் நண்பன் நல்ல வெளிச்சத்தில், கோயில் வாசலில் நிற்கிறான். நானோ அதே நகரத்தின் அடியில், இருட்டுச் சாக்கடைக்குள் நிற்கிறேன். கொள்ளை நோய்க் கடவுளின் அடியார்களுக்கு அங்கேதான் இடம். அவனுடைய கோயில்காரர்களுக்கு நான் பரம எதிரி. "டேய், உன்னை யாருடா அதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது?" என்று சிரித்தான். இந்தத் தேர்வைப் பிறகு மாற்ற முடியாது என்பது அதன் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கேரக்டரை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க நினைத்தேன். அவன்தான் தடுத்தான். ஊருக்கு வெளியே சந்திப்போம் என்றான். எனக்கு விற்க மறுத்த கடைகளில் அவன் வாங்கி வந்து கொடுத்தான். புதிய மந்திரம் வாங்க நான் சாக்கடைக்குள் இறங்கும்போது அவன் வெளியே காத்திருந்தான். நான்கு மாதம் இப்படியே ஓடியது. அந்த கேமில் நாங்கள் கொன்ற அரக்கர்கள் ஒருவர்கூட இன்று நினைவில் இல்லை. அந்தக் காத்திருப்புதான் நினைவில் நிற்கிறது.

யாரும் படிக்காத தகவல்

நான் சாப்ட்வேர் எழுதுபவன். என் பார்வையில் கேரக்டரின் கடவுள் என்பது டேட்டாபேஸில் ஒரு ஃபீல்டு, அவ்வளவுதான். ஆனால் ஒரு ஃபீல்டில் தகவலை வாங்கி வைத்தால், புரோகிராமின் வேறு ஏதோ ஒரு பகுதி அதைப் படிக்க வேண்டும். யாரும் படிக்காத தகவலை எதற்குக் கேட்கிறீர்கள்?

2013இல் வந்த நெவர்விண்டர் கேமிலும் கேரக்டரை உருவாக்கும்போது கடவுளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு பிரார்த்தனை செய்தால் பரிசும் கிடைக்கும். ஆனால் யாரை வணங்கினாலும் பரிசு ஒன்றுதான். யாரும் கோபிக்கவும் மாட்டார்கள். சட்டைக்கு நிறம் தேர்ந்தெடுப்பது போல ஆகிவிட்டது.

இதற்கு நேர் எதிர் எவர்குவெஸ்டின் சல்லன் செக் சர்வர். 2001இல் தொடங்கிய இதில் ஆட்டக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் மோத முடிந்தது. நல்லவர், நடுநிலை, தீயவர் என்ற மூன்று அணிகளில் நீங்கள் எந்த அணி என்பதை உங்கள் கடவுளே முடிவு செய்தார். நானும் நண்பனும் அங்கே போயிருந்தால் ஒருவரை ஒருவர் கொன்றிருப்போம்!

2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 நடுவழியில் போகிறது. இதை ஆன்லைனில் நான்கு பேர் வரை சேர்ந்து ஆடலாம். கிளெரிக்காக ஆடுபவர் கடவுளைத் தேர்ந்தெடுப்பார். அதற்கேற்ப உரையாடலில் சில இடங்களில் தனி வரிகள் வரும். சிறியதுதான் என்றாலும், நாம் சொன்னதை கேம் காதில் வாங்கியிருக்கிறது.

ஆடுபவர் பணமும் நேரமும் செலவழிக்கிறார், அவரை ஏன் தண்டிக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான். தண்டிக்க வேண்டாம், முன்கூட்டியே சொல்லுங்கள். "இந்தக் கடவுளைத் தேர்ந்தெடுத்தால் இன்னின்னார் உங்களுக்கு எதிரிகள், இதை மாற்ற முடியாது" என்று அந்தத் திரையிலேயே இரண்டு வரி போதும். அதைப் படித்த பிறகும் ஒருவர் கிளிக் செய்தால், அந்தத் தேர்வை மதித்து அதன் விளைவையும் கொடுங்கள். விளைவே இல்லாத தேர்வு வெறும் அலங்காரம். விளைவை மறைத்து வைக்கும் தேர்வு ஒரு பொறி. இரண்டுமே ஆடுபவரை மதிப்பதாகாது.

அது வரும்வரை நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். அடுத்த முறை இப்படி ஒரு திரை வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். பிறகு மாற்ற முடியுமா? யார் யார் எதிரிகள் ஆவார்கள்? உங்களோடு ஆடப்போகும் நண்பர் யாரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்? மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு, நீங்கள் சாக்கடையைத் தேர்ந்தெடுத்தாலும் பரவாயில்லை. வெளியே காத்திருக்க ஒரு நண்பர் மட்டும் இருக்கட்டும்.