மோட்டார் பெட்டியில் கருகல் வாடையா?

தண்ணீர் மோட்டாரின் ஆட்டோமேட்டிக் பெட்டியில் கருகல் வாடை வந்தால், சகோதரிகளே, முதல் வேலையாக மெயினை அணையுங்கள். அணைத்த பிறகும் உள்ளே கை வைக்காதீர்கள். கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும், ஷாக் அடிக்கும். குழந்தைகளையும் கிட்டே விடாதீர்கள்.

எங்கள் வீட்டில் போர்டு கருகியபோது எலெக்ட்ரீஷியன், "புதுசு போட்டுடலாம்மா" என்றார். "எந்த இடத்துல கருகியிருக்கு, காட்டுங்க தம்பி" என்றேன். ஒயர் மாட்டும் திருகுக்குப் பக்கத்தில்தான் கறுப்பு. திருகு லூசானால் அந்த இடம் சூடேறிக் கருகும். போர்டை மட்டும் மாற்றினால் புதுசுக்கும் அதே கதிதான்! கருகிய ஒயர் நுனியை, செம்பு பளபளவென்று தெரியும்வரை வெட்டி, திருகை இறுக்கச் சொன்னேன். கண்டென்சர் உப்பியிருந்தால் அதையும் மாற்றுவது நல்லது. ஒயர் நுழையும் ஓட்டையில் பல்லி புகாமல் அடைக்கச் சொல்லுங்கள்.

காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே காசை எண்ணிக் கொடுங்கள்!