விழுக்காடும் வினாவும்
ஊழல் எதிர்ப்பு அமைப்பான டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 2020-இல் வெளியிட்ட ஆசிய ஆய்வில், அரசில் ஊழல் பெருஞ்சிக்கல் என்று இந்தியரில் 89 விழுக்காட்டினர் கருதியிருக்க, முந்தைய ஓராண்டில் அரசுச் சேவைகளை நாடியோரில் லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னவர்கள் 39 விழுக்காட்டினரே என்பது, கருத்தைக் கேட்கும் வினாவும் அனுபவத்தைக் கேட்கும் வினாவும் வேறுவேறு சித்திரங்களைத் தருவதைக் காட்டுகிறது. தேர்தல் ஊழல் பற்றிய வினாவிலும் இதே சிக்கல் உண்டு: வாக்காளருக்குப் பணப்பட்டுவாடா செய்த புகாரால் 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையே ரத்துசெய்ய நேர்ந்த சென்னையில், மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஒரு வீட்டு வாசலில் நின்று, வாக்குக்குப் பணம் வாங்கினீர்களா என்று கேட்டால், வாங்குவதும் சட்டப்படி குற்றம் என்பதால் உண்மை வெளிவருவது அரிது. தெருவில் பிறர் வாங்கினார்களா என்று கேட்டாலோ வதந்தியும் கணக்கில் சேர்ந்துவிடும். விடையைத் தன்னுள்ளேயே திணித்துவைத்திருக்கும் வழிநடத்தும் வினா இவற்றினும் கேடானது. ஆகவே வினாவின் முழு வாசகத்தை அச்சிடாமல் விழுக்காட்டை மட்டும் தலைப்பாக்கும் நாளேடு, வாக்காளருக்கு உரிய தகவலை மறைக்கிறது என்றே கொள்ள வேண்டும்.