எண் தொலைந்தால் ஆளும் தொலைவதா?

அண்மையில் அண்டைவீட்டு மூதாட்டியார் ஒருவர்க்குத் துணையாகப் பணவைப்பு நிறுவனம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். வைப்புச் சீட்டு மழையில் நனைந்து, கணக்கு எண் அழிந்து போயிருந்தது. பெயர் தமிழரசி, ஊரும் தெருவும் மாறவில்லை. மேசையிலிருந்த இளைஞர் ஆங்கில எழுத்தில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒருவர் இல்லையே அம்மா!" என்றார். வாழ்நாள் உழைப்பின் சேமிப்பை அங்கே வைத்தவர், எதிரில் நின்றுகொண்டே இல்லாதவரானார்.

இளைஞரை நோவதற்கில்லை. வணிக மென்பொருள் ஒவ்வொரு பதிவையும் ஓர் எண்ணில் கட்டி வைக்கிறது. அவ்வெண்ணே திறவுகோல். எண்ணுக்கு அடைவு உண்டு. பல இலக்கம் பதிவுகளுக்கிடையிலும் நொடியில் எடுத்துத் தரும். எண் தெரியாதபோது பெயரையன்றோ நாடவேண்டும்? பெயரோ அயலெழுத்தில் கிடக்கிறது. தகரத்திற்கு 2 வகை, ழகரத்திற்கு 3 வகை, இறுதி இகரத்திற்கு 2 வகை. பெருக்கிப் பாருங்கள், ஒரு தமிழரசி 12 பேராகிவிடுகிறார்!

பெயரின் ஒரு பகுதியோடு விண்மீன் குறியிட்டுத் தேடலாமே என்பர். முன்னெழுத்துத் தெரிந்தால் அடைவு கைகொடுக்கும். நடுவெழுத்து மட்டுமே தெரிந்தால், அகரமுதலியை முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடு வரை புரட்டுவோன் நிலைதான் கணினிக்கும்.

ஒலி ஒப்புமையால் தேடும் வழியும் உண்டு. அமெரிக்கரான இராபர்ட்டு இரசல் 1918இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்சு முறை இன்றும் பல தரவுத்தளங்களில் உள்ளது. முதலெழுத்தை அப்படியே நிறுத்தி, உயிர்களை நீக்கி, ஒலியொத்த மெய்களுக்கு ஒரே எண் தருவது அது. நம் பெயர்களை அதில் இட்டுப் பாருங்கள். செல்வத்தை 'எசு' எழுத்தில் தொடங்கினால் எசு-415. 'சி' எழுத்தில் தொடங்கினால் சி-415. தமிழரசியின் ழகரத்தை 'எல்' என எழுதினால் டி-546. 'இசட்டு, எச்சு' என எழுதினால் டி-526. பிறர் நாவுக்கு அளந்து தைத்த சட்டை நமக்கு எங்ஙனம் பொருந்தும்?

வீரமாமுனிவர் 1732இல் யாத்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு கூறுடையது. சொல் தெரிந்தவனுக்கு ஒரு வாயில்; பொருள் மட்டும் தெரிந்தவனுக்கு வேறொரு வாயில்; எதுகை தேடுவோனுக்கு இன்னொன்று. அவர் பிறப்பால் இத்தாலியர். ஆயினும் தமிழ்ச்சொற்களைத் தமிழெழுத்திலேயே அடுக்கினார்! இங்கேயே பிறந்து மென்பொருள் விற்போர் ஒரே வாயிலை வைத்து, அதையும் அயலெழுத்தால் அடைத்திருக்கின்றனர்.

தமிழெழுத்தைக் கணினி ஏற்காது என்னும் சாக்கும் இனிச் செல்லாது. 1991இலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றுவிட்டது. தமிழில் எழுதிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் சொல்லேன். 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், இரண்டாகப் பிரித்தும் பதியலாம். கண்ணுக்கு ஒன்று, பொறிக்கு வேறு. பதியும்போதே ஒருமைப்படுத்தாவிடின் தேடல் தவறும். இராமனும் ராமனும் ஒருவரே என்பதையும் நிரலுக்குக் கற்பிக்கவேண்டும். ஆனால் இவை எண்ணி முடிக்கத்தக்க இடர்கள். பெயரைத் தமிழில் பதிந்து, தந்தை பெயர், ஊர், தொலைபேசி எண் ஆகியவற்றுக்கும் தனித்தனி அடைவு வைப்பது நிரல் எழுதுவோர்க்குப் பெரும்பணி அன்று. மென்பொருள் வாங்கும் நம் வணிகர்கள் இவற்றைக் கேட்டு வாங்கவேண்டும்.

ஐந்தாம் முறை தட்டியபோது மூதாட்டியார் கணக்கு அகப்பட்டது. புதிய சீட்டிலும் ஆங்கில எழுத்துகளே. அதன் பின்புறத்தில் தம் பெயரைத் தமிழில் எழுதித் தருமாறு என்னிடம் கேட்டார். எழுதினேன், கீழே எண்ணையும் குறித்துக் கொடுத்தேன்.